தண்ணீர் இறைக்கும் வரைதான் சுரங்கம்

2014 மார்ச். பெங்களூரில் வணிகர்கள் கூடிய ஓர் அரங்கம். மேடையில் வேதாந்தா குழுமத்தின் தலைவர் அனில் அகர்வால், தான் தொழிலில் வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்றொரு நாடு. அங்கே ஒரு செம்புச் சுரங்கம் விலைக்கு வந்தது. அவர்கள் எதிர்பார்த்தது 40 கோடி டாலர். இவர் 2.5 கோடி டாலர் தருவதாக ஒரு கடிதம் போட்டார். சரி என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சுரங்கம் வருஷா வருஷம் குறைந்தது 50 கோடி டாலராவது கொடுத்துக்கொண்டிருக்கிறது. பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

மலிவாக வாங்கிய சொத்தைப் பற்றிப் பெருமை பேசாத வியாபாரி உண்டா? அந்த அரங்கத்தோடு போயிருக்க வேண்டிய பேச்சு அது. ஆனால் லண்டனில் இயங்கும் ‘ஃபாயில் வேதாந்தா’ என்ற எதிர்ப்புக் குழு மே மாதம் அந்த வீடியோவை வெளியே விட்டது. ஜாம்பியாவில் தீப்பிடித்த மாதிரி பரவியது. பரவாமல் என்ன செய்யும்? பெங்களூரில் அட்சய பாத்திரமாக வர்ணிக்கப்பட்ட அதே கொங்கோலா செம்புச் சுரங்க நிறுவனம் (சுருக்கமாக கே.சி.எம்.) உள்ளூரில் பணமுடை என்று கையை விரித்துக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான், 2013 கடைசியில், 1,500 பேரை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டு அரசோடு முட்டிக்கொண்டிருந்தது.

வீடியோவைப் பார்த்தவர்கள் வாங்கியவரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு உறுத்துவது விற்றவரின் நிலை. 40 கோடி கேட்டவர், 2.5 கோடிக்கு எதற்காகத் தலையாட்டினார்? லஞ்சம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நம் ஊர் டீக்கடையில் அப்படித்தான் முடிப்பார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், வெளிநாட்டு முதலீடு என்று நாம் பேசுகிற பெரிய பேச்சின் அடிவேர் கைக்கு வரும்.

25,000 லாரித் தண்ணீர்

ஜாம்பியாவின் வடக்கே, காங்கோ எல்லையை ஒட்டி, செம்பு வளையம் என்றே பெயர் பெற்ற மாகாணம் இருக்கிறது. கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா, லுவான்ஷியா என்று அங்கே ஊர்களெல்லாம் சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர்கள். எல்லையோரம் கடைசியாக இருப்பது சிலிலாபோம்ப்வே. உள்ளூர் மொழியில் ‘தவளை கத்தும் இடம்’ என்று பொருள். வெள்ளைக்காரர்கள் பேன்க்ராஃப்ட் என்று வைத்திருந்த பெயரை விடுதலைக்குப் பிறகு மாற்றினார்கள். மாற்றியவர்கள் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஊருக்கு அடியில் முழுக்கத் தண்ணீர்.

கொங்கோலா சுரங்கம் இங்கேதான் இருக்கிறது. உலகிலேயே அதிக நீர் ஊறும் சுரங்கங்களில் ஒன்று. ஒரு நாளைக்கு 3 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் தண்ணீரை வெளியே இறைத்தாக வேண்டும். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 25,000 லாரி. தினமும். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், வேலைநிறுத்தம் எதற்கும் விடுப்பு கிடையாது. பம்பு நின்றால் அடிமட்டத்தில் நீர் ஏறத் தொடங்கும். இயந்திரங்கள், மின்கம்பிகள், கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டிய சுரங்கப் பாதைகள் எல்லாம் மூழ்கும். மூழ்கிய சுரங்கத்தை மீட்பது புதிதாக ஒன்று தோண்டுவதற்குக் கிட்டத்தட்ட சமம்.

வயலை ஒரு வருஷம் தரிசாகப் போடலாம். மில்லைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். செம்பு விலை ஏறும்வரை கொங்கோலாவைப் பூட்டி வைக்க முடியாது. செம்பு விற்றாலும் விற்காவிட்டாலும் பம்புக்கு மின்சாரக் கட்டணம் கட்டியே தீர வேண்டும். கையில் காசில்லாத அரசாங்கத்துக்கு இப்படியொரு சொத்து இருந்தால், ஒவ்வொரு நாள் தாமதமும் அதன் கழுத்தை இறுக்கும். வாங்க வருகிறவருக்கு இது தெரியும். அவர் அவசரப்படத் தேவையில்லை. ஒரு கடிதம் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும்.

தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால்

இந்த நாட்டின் செம்பு பேரம்பேசப்படுவது அது முதல் தடவை அல்ல. 1890-இல் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி (சிசில் ரோட்ஸின் கம்பெனி) மேற்கே பரோட்சே அரசர் லெவானிகாவிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. விக்டோரியா ராணியோடு நேரடியாக உடன்படிக்கை செய்துகொள்வதாக அரசர் நினைத்திருந்தார். வந்தது ஒரு வணிகக் கம்பெனி. அந்த மாதிரிக் காகிதங்களை வைத்துத்தான், அந்த அரசரின் ஆட்சிக்கே உட்படாத செம்பு மண்ணிலும் கம்பெனி கனிம உரிமை கொண்டாடியது. பிறகு 1902-இல் வில்லியம் காலியர் என்பவர் லுவான்ஷியா பக்கம் ஒரு மானைச் சுட்டார், அது விழுந்த பாறையில் பச்சையாகச் செம்புத் தாது தெரிந்தது என்று ஒரு கதை. அவர் ‘கண்டுபிடிப்பதற்கு’ நூற்றாண்டுகள் முன்பே அந்த வட்டாரத்து மக்கள் செம்பை உருக்கி வாணிபம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அந்தக் கதை சொல்லாது.

சுரங்கம் தோண்டியவை வேறு கம்பெனிகள். ஆனால் வெட்டியெடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் ரோட்ஸின் கம்பெனிக்கு உரிமைத்தொகை போனது. 1964 அக்டோபர் 24-இல் விடுதலை. அதற்கு முதல் நாள்வரை அந்த உரிமை கம்பெனியிடம்தான் இருந்தது. லுசாகாவில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் விருந்து நடந்துகொண்டிருக்க, தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால் நின்று நிதியமைச்சர் ஆர்தர் வீனா கம்பெனிக்காரர்களோடு பேசி முடித்தார். மொத்தம் 40 லட்சம் பவுன். பாதி பிரிட்டிஷ் அரசு தரும், பாதி நாளைக்குப் பிறக்கப்போகும் நாடு தரும். ஜாம்பியாவின் வரலாற்றில் அரசாங்கம் கெட்டியாக நின்று பேரம் பேசிய தருணம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அன்றைக்கு அவசரம் எதிராளிக்கு இருந்தது. நள்ளிரவு தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது என்ற பயம் கம்பெனியின் பக்கம்.

முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா 1969 ஆகஸ்டில் சுரங்கங்களின் 51 சதவீதப் பங்குகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். பறிமுதல் இல்லை, கடன் பத்திரம் கொடுத்து விலைக்கு வாங்கியது அரசு. செம்பு உச்சத்தில் இருந்த நேரம். ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி. ஐந்தே வருஷம். 1974-க்குப் பிறகு செம்பு விலை சரிந்தது, பெட்ரோல் விலை ஏறியது. கடலே இல்லாத நாடு; தெற்கே ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சியோடு பகை, எல்லையும் மூடல். சீனா கட்டிக்கொடுத்த 1,860 கிலோமீட்டர் டசாரா ரயில் பாதைதான் டார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு வழி.

இசட்.சி.சி.எம். என்ற அரசுச் சுரங்க நிறுவனத்தை இன்றைக்கும் செம்பு வளையத்து முதியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குப்பை அள்ளுவது, கால்பந்து கிளப் எல்லாம் அதன் செலவு. தொட்டில் முதல் சவப்பெட்டி வரை கம்பெனி பார்த்துக்கொண்டது என்பார்கள். உண்மைதான். அதற்கான பணம் சுரங்கத்தைப் புதுப்பிக்க வேண்டிய பணம் என்பதும் உண்மை. புது இயந்திரம் வாங்கவில்லை, புது அடுக்கு தோண்டவில்லை. அரசின் மற்ற செலவுகளுக்கெல்லாம் இந்த நிறுவனமே பணப்பெட்டி. 2000 வாக்கில் உற்பத்தி 2.5 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. அறுபதாயிரத்துக்கு மேல் இருந்த வேலையாட்கள் இருபதாயிரச் சொச்சம் ஆனார்கள். நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் நஷ்டம் என்று பேச்சு. அரசுடைமையாக வைத்திருந்தால் சொர்க்கமாக இருந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

1991-இல் கவுண்டா தோற்று ஃபிரெடெரிக் சிலுபா வந்தார். தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர்; விற்பனையை நடத்தி முடித்தது அவர் காலம்தான். நாட்டின் கடன் கழுத்தளவு. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் கடன் நிவாரணம் வேண்டுமானால் சுரங்கத்தை விற்றாக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டன. இதிலும் ஒரு கூத்து நடந்தது. சிங்கோலாவின் பெரும் திறந்தவெளிச் சுரங்கமான என்சாங்காவையும் கிட்வேயின் என்கானா சுரங்கத்தையும் சேர்த்து வாங்க ‘கஃபூ கூட்டமைப்பு’ என்ற பன்னாட்டு நிறுவனக் குழு முதலில் ஒரு விலை சொன்னது. போதாது என்று அரசுத் தரப்பு தட்டிக்கழித்தது. செம்பு விலை மேலும் விழுந்தது. கடைசியில் 2000 மார்ச்சில் ஆங்லோ அமெரிக்கன் கம்பெனிக்கு, முன்பு வேண்டாம் என்று தள்ளியதைவிட மிகக் குறைந்த தொகைக்கு, என்சாங்காவும் கொங்கோலாவும் போயின. இரண்டே வருஷத்தில், விலை டன்னுக்கு 1,400 டாலருக்கும் கீழே போய்வந்த சமயத்தில், கட்டுப்படியாகாது என்று ஆங்லோவும் மூட்டையைக் கட்டியது.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில்தான், பெங்களூரில் சொல்லப்பட்ட அந்தக் கடிதம் 2004-இல் வந்தது. 51 சதவீதப் பங்குக்குக் கையில் 2.5 கோடி டாலர். பின்னால் தருவதாக ஒப்புக்கொண்ட இன்னொரு 2.3 கோடியையும் சேர்த்தாலும் 5 கோடியைத் தொடவில்லை. நாலு வருஷம் கழித்து, 2008-இல், வேதாந்தா மேலும் 28.4 சதவீதத்தை வாங்கியது. அதற்கு மட்டும் 21 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. பாதிக்கு மேற்பட்ட பங்குக்குக் கொடுத்ததைவிட, கால்வாசிச் சொச்சத்துக்குப் பல மடங்கு. சரக்கு மாறவில்லை, சந்தை மாறியிருந்தது.

42 டாலர் கணக்கு

விற்ற விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட விலையுயர்ந்த விஷயம் விற்றபோது எழுதிக்கொடுத்த காகிதம். சுரங்கம் சுரங்கமாகத் தனித்தனியே போடப்பட்ட அந்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. கனிம உரிமைத்தொகை வெறும் 0.6 சதவீதம். நிறுவன வரி 25 சதவீதம், அதிலும் பழைய நஷ்டத்தைக் கழித்துக்கொண்டே போகலாம். இவற்றை 15 முதல் 20 வருஷம்வரை எந்த அரசும் மாற்றக் கூடாது.

உரிமைத்தொகை என்பது லாபத்தின் பங்கு அல்ல. மண்ணிலிருந்து எடுத்த பொருளுக்கு மண்ணின் சொந்தக்காரனுக்குத் தரும் விலை. 2006-க்குப் பிறகு செம்பு டன் 7,000 டாலருக்கு விற்றது. அதில் 0.6 சதவீதம் எவ்வளவு? 42 டாலர். 1,000 கிலோ செம்பு மண்ணைவிட்டு நிரந்தரமாகப் போகிறது. நாட்டுக்கு அதற்கு ஈடாக 42 டாலர். மீதி லாபம் வந்தால், அதுவும் கணக்கில் லாபம் என்று காட்டினால், வரி வரும்.

அந்த ‘காட்டினால்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஜாம்பியாவில் தோண்டும் கம்பெனியும் சுவிட்சர்லாந்தில் வாங்கும் கம்பெனியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று வையுங்கள். அண்ணன் தம்பிக்கு மலிவாக விற்கிறான். தம்பி அதைச் சந்தை விலைக்கு விற்கிறான். லாபம் தம்பி வீட்டில் தங்கும்; தம்பி வீட்டில் வரி குறைவு. இது வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. கிளென்கோர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த மோப்பானி சுரங்கம், 2006 முதல் 2009 வரை தன் தாய் நிறுவனத்துக்கே செம்பு விற்ற விலையை ஜாம்பிய வருவாய்த் துறை ஏற்கவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 மே மாதம் அரசுத் தரப்பு ஜெயித்தது. 1.3 கோடி டாலர் அளவுக்கு வரி. விற்பனை நடந்து பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரே ஒரு கம்பெனியின் சில வருஷக் கணக்குக்கு. ஒரு ஏழை நாட்டின் வரி அதிகாரி, உலகின் மிகப் பெரிய சரக்கு வியாபாரியின் கணக்குப்பிள்ளைகளோடு மோதி அந்த இடத்துக்கு வர இத்தனை காலம் பிடித்தது.

இடையில் அரசுக்கும் ரோஷம் வந்தது. 2008-இல் ஜனாதிபதி லெவி ம்வானவாசா பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்து, உரிமைத்தொகையை 3 சதவீதமாக்கி, விலை உச்சத்துக்குப் போகும்போது கூடுதலாக வசூலிக்கும் எதிர்பாரா லாப வரியையும் கொண்டுவந்தார். நல்ல யோசனை. நேரம் சரியில்லை. அந்த ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். ஆண்டுக் கடைசியில் உலக நிதி நெருக்கடியில் செம்பு 3,000 டாலருக்கு விழுந்தது. லுவான்ஷியா சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனிகள் கத்தின, அடுத்த பட்ஜெட்டில் அந்த வரி எடுக்கப்பட்டது. 2011-இல் செம்பு 10,000 டாலரைத் தொட்டபோது வாங்குவதற்கு வரி இல்லை. 2015 ஜனவரியில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 20 சதவீதம் என்று ஒரேயடியாக ஏற்றினார்கள்; லும்வானா சுரங்கத்தை நிறுத்திவிடுவோம் என்று பேரிக் கம்பெனி சொன்னது; அதே வருஷ நடுவில் 9 சதவீதத்துக்கு இறங்கி வந்தார்கள். ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்ததில் முதலீட்டாளருக்கும் நிம்மதியில்லை, கஜானாவுக்கும் நிறைவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த பணமெல்லாம் கொள்ளையடிக்க வந்த பணம் அல்ல. என்சாங்காவில் புது உருக்காலை வந்தது. வடமேற்கே சோல்வேசியில் ஃபர்ஸ்ட் குவாண்டம் என்ற கனடா நிறுவனம் கன்சான்ஷி சுரங்கத்தை எழுப்பியது; அந்த ஊரின் முகமே மாறிவிட்டது. நாட்டின் உற்பத்தி மறுபடி 7, 8 லட்சம் டன்னுக்கு வந்தது அரசு நிறுவனத்தால் அல்ல. முதலீடே வேண்டாம் என்று சொல்ல ஜாம்பியர்கள் யாரும் தயாராக இல்லை. கிட்வேயில் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும் ‘பிளாக் மவுண்டன்’ மேல் ஏறி, மிச்சமிருக்கும் செம்பைக் கையால் பொறுக்கும் இளைஞர்களை ‘ஜெராபோ’ என்பார்கள். நூறு வருஷமாகச் செம்பு எடுத்த ஊரில் இன்றைய தலைமுறைக்குக் கிடைத்தது எடுத்ததன் சக்கை. 2018-இல் அந்தக் கழிவுமலை சரிந்து பத்துப் பேர் செத்தார்கள்.

நீலமாக ஓடிய ஆறு

2006 நவம்பர். என்சாங்காவிலிருந்து கழிவைக் கொண்டுபோகும் குழாய் வழியே அமிலமும் செம்புமாகக் கஃபூ ஆற்றில் கலந்தது. ஆறு நீலமாக ஓடியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அழகான நீலம், செம்பு சல்ஃபேட்டின் நிறம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்போமே, மயில்துத்தம், அதே நிறம். சிங்கோலாவுக்கு நாள்கணக்கில் குடிநீர் நிறுத்தப்பட்டது. ஊருக்கு வெளியே ஷிமுலாலா, ஹிப்போ பூல் போன்ற கிராமங்களுக்கு முஷிஷிமா ஓடையும் கஃபூ ஆறும்தான் குடிக்க, குளிக்க, மீன் பிடிக்க, மக்காச்சோளத்துக்குப் பாய்ச்ச.

இரண்டாயிரம் பேர் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் டாலர் இழப்பீடு என்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் குற்றத்தை உறுதிசெய்தது. ஆனால் மருத்துவச் சான்று காட்ட முடிந்த 12 பேருக்கு மட்டும்தான் பணம் என்றுவிட்டது. விஷத் தண்ணீர் குடித்த ஊரில் டாக்டர் சீட்டு வைத்திருந்தவர் 12 பேர்.

அதே வருஷம் வேறு 1,826 கிராமத்தார் லண்டனில் வழக்குப் போட்டார்கள். சிங்கோலாவில் நடந்ததற்கு லண்டனில் என்ன வேலை என்று வேதாந்தா கேட்டது. நியாயமான கேள்விதான் என்று எனக்கும் முதலில் தோன்றியது. 2019 ஏப்ரல் 10-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலின் சாரம்: இயல்பாக இது ஜாம்பியாவில் நடக்க வேண்டிய வழக்குதான், ஆனால் இவ்வளவு பெரிய வழக்கை இவ்வளவு ஏழைகளுக்காக நடத்தும் பணமும் வக்கீல் வசதியும் அங்கே இல்லை, ஆகவே இங்கேயே நடக்கட்டும். தாய் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டா என்பதைப் பார்த்தபோது நீதிபதிகள் கையில் எடுத்தது வேதாந்தாவே அச்சிட்டு வெளியிட்ட பளபளப்பான அறிக்கை. எங்கள் குழுமத்தின் எல்லாச் சுரங்கங்களிலும் சுற்றுச்சூழல் தரத்தை நாங்களே மேற்பார்வை செய்கிறோம் என்ற தோரணையில் அதில் எழுதியிருந்தார்கள். மேற்பார்வை செய்கிறோம் என்றால் பொறுப்பும் இருக்கலாம் அல்லவா, வழக்கு விசாரணைக்குப் போகட்டும் என்றது நீதிமன்றம். விளம்பரத்துக்காக எழுதிய வாசகம் வாதியின் சாட்சியானது. 2021 ஜனவரியில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, ஏறத்தாழ 2,500 பேரோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கம்பெனியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2018 மே 22-இல் வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் உயிரிழந்தார்கள். சில நாளில் ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஆலை மூடியதிலிருந்து செம்பு ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. நம் வீட்டு மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு எங்கோ ஒருவர் ஆற்றைத் தாண்டித்தான் வருகிறது. ஆலை வேண்டாம் என்று சொன்ன தூத்துக்குடிக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது, அதை நடத்திக் காட்டும் நீதிமன்றமும் இருந்தது. ஷிமுலாலாக்காரர்கள் அதற்கு லண்டன்வரை போக வேண்டியிருந்தது.

கொடுத்ததை வாங்கி, வாங்கியதைக் கொடுத்து

2019 மே மாதம் எட்கர் லுங்குவின் அரசு கே.சி.எம்-மைக் கலைப்பு நடவடிக்கையில் போட்டு வேதாந்தாவை வெளியேற்றியது. உரிம நிபந்தனையை மீறினார்கள், வரி சரியில்லை என்பது குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது, நீதிமன்றத்துக்கும் நடுவர் மன்றத்துக்கும் போனது. லுசாகா வீதிகளில் சந்தோஷம். 2021-இல் கிளென்கோரும் மோப்பானியை விட்டுப் போனது: விலை 1 டாலர், கூடவே 150 கோடி டாலர் கடனை அரசு நிறுவனம் தலையில் ஏற்றிக்கொண்டது. அதற்குச் சில மாதம் முன்புதான், 2020 நவம்பரில், ஜாம்பியா தன் வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் கைவிரித்திருந்தது. திவாலான வீட்டுக்காரர் கடனோடு இன்னொரு வீட்டை வாங்குவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

இங்கே ஒரு ஒழுங்கு தெரிகிறது. 1969-இல் உச்ச விலையில் வாங்கினார்கள். 2000-இலும் 2004-இலும் அடிமட்டத்தில் விற்றார்கள். 2021-இல் கடனோடு திரும்ப வாங்கினார்கள். வாங்குகிறபோது ஏறுமுகம், விற்கிறபோது இறங்குமுகம். முட்டாள்தனத்தால் இல்லை. செம்பு விலை ஏறினால் நாட்டுக்குத் தைரியம் வருகிறது, இறங்கினால் தைரியமும் காசும் சேர்ந்தே போய்விடுகின்றன. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி ஒரே உலோகம் என்றால் அரசின் முதுகெலும்பும் அந்த உலோகத்தின் விலையோடு நிமிரும், வளையும். ஒப்பந்தங்களோ வளைந்த நேரத்தில் எழுதப்பட்டு, நிமிர்ந்த நேரத்திலும் கட்டிப்போடுகின்றன.

2021-இல் வந்த ஹகைண்டே ஹிச்சிலேமாவின் அரசு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஐந்து வருஷமாகக் கே.சி.எம்-மில் முதலீடு இல்லை, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் இல்லை. 2024 ஜூலையில் சுரங்கம் வேதாந்தாவிடமே திரும்பப் போனது. கடன்காரர்களுக்குக் கொடுக்க ஏறத்தாழ 24.5 கோடி டாலர், ஐந்து வருஷத்தில் 100 கோடி முதலீடு என்று வாக்கு. மோப்பானியின் 51 சதவீதம் அபுதாபி நிறுவனம் ஒன்றுக்குப் போனது, 110 கோடி டாலர் அளவில். 2004-இல் கிடைத்ததோடு ஒப்பிட்டால் இந்தத் தடவை பேரம் பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மின்சாரக் காருக்கும் சூரியத் தகட்டுக்கும் செம்பு தேவைப்படுகிற காலம். வாசலில் ஒருவருக்கு நாலு பேர் நிற்கிறார்கள். பில் கேட்ஸ் பணம் போட்டிருக்கும் கோபோல்ட் என்ற கம்பெனி மிங்கோம்பாவில் தோண்டப்போகிறது. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்கா பணம் தருகிறது. கிழக்கே டசாராவைப் புதுப்பிக்கச் சீனா. இந்தியாவும் 9,000 சதுர கிலோமீட்டரில் செம்பும் கோபால்ட்டும் தேட அனுமதி வாங்கியிருக்கிறது.

வாசலில் கூட்டம் நின்றால் வீட்டுக்காரர் கை ஓங்கும். ஆனால் உள்ளே வந்தவர்களைக் கண்காணிக்கவும் ஆள் வேண்டும். 2025 பிப்ரவரி 18-இல் சம்பிஷி பக்கம், சீன அரசு நிறுவனம் ஒன்றின் கீழுள்ள சைனோ மெட்டல்ஸ் லீச் ஆலையின் கழிவு அணை உடைந்தது. ஐந்து கோடி லிட்டர் அமிலக் கழிவு என்பது அதிகாரிகள் முதலில் சொன்ன கணக்கு. ம்வாம்பாஷி ஓடை வழியே அது கஃபூவில் இறங்கியது; 100 கிலோமீட்டர் கீழேயும் மீன் செத்து மிதந்தது. கிட்வே நகருக்குத் தண்ணீர் நின்றது. ஆற்று நீரின் அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டினார்கள். 2006-இல் லண்டன் கம்பெனியின் குழாய், 2025-இல் சீனக் கம்பெனியின் அணை. ஆறு மட்டும் அதேதான். நாட்டு மக்களில் பாதிக்கு மேல் அந்த ஆற்றுப் படுகையில் வாழ்கிறார்கள்.

ஜாம்பியாவின் நாணயத்துக்குக் குவாச்சா என்று பெயர். ‘விடியல்’ என்று பொருள். விடுதலைப் போராட்டத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கிய சொல். 2024-இல் நாடு கடும் வறட்சியில் சிக்கியது. கரீபா அணையில் நீர் வற்றி நீர்மின்சாரம் படுத்தது. பல ஊர்களில் வீடுகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் மின்சாரம் வந்தால் அதிர்ஷ்டம். முடிதிருத்தும் கடைகளும் மாவு மில்களும் எந்த மூன்று மணி நேரம் என்று காத்துக் கிடந்தன. அதே மாதங்களில்தான் கே.சி.எம். வேதாந்தாவுக்குக் கைமாறியது. சிலிலாபோம்ப்வேயில் கொங்கோலாவின் பம்புகள் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.